மூன்று நிறத் தட்டுகளும் ஓர் உறுமியும்

1

கான்சாபுரத்தில் அம்மன் பொங்கல் முடிந்த மறுநாள் காலை. பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க உறுமி தேய்த்த பெரியவர் ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டு அவர் காதுக்குப் பக்கத்தில் நீட்டுகிறான். எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருட்பிரகாசத்தின் 'பாய்ஸ்'. லண்டன் பாட்டு, உள்ளே ஓடுவது சென்னையில் பதிவான உறுமி. பெரியவர் தலையை ஆட்டாமல் முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அடி நம்ம அடிதான் தம்பி. ஆனா யாருக்கு அடிக்கான்னுதான் தெரியல."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு உரை எழுதும் முயற்சி, அவ்வளவுதான். நாட்டுப்புறத்து இசை கடல் தாண்டிப் போகும்போது எதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறது, எதை எடுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் கேள்வி. பெரியவரின் வாக்கியத்துக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் கனடாவுக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. சுற்று வழிதான், ஆனால் அங்கே நடந்தது நம்முடையதைத் தலைகீழாகக் காட்டுகிறது.

2

ஷனையா ட்வைன் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் டிம்மின்ஸ் என்ற சுரங்க நகரத்தில் வளர்ந்தவர். 'கன்ட்ரி' பாடகியாக அமெரிக்காவில் பெயர் வாங்கியவர். 'கன்ட்ரி' என்றால் தெற்கு அமெரிக்க நாட்டுப்புறத்தின் பெயரால் விற்கப்படும் இசை: பிடில், பாஞ்சோ, ஸ்டீல் கிட்டார், மூக்கால் இழுத்துப் பாடும் ஒரு தொனி. 1997இல் வந்த அவருடைய 'கம் ஆன் ஓவர்' தொகுப்பு உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் விற்றது. அதிலேயே ஒரு வேலை நடந்தது. மறு ஆண்டு வெளிநாடுகளுக்கென்று தனியாக ஒரு பதிப்பு போட்டார்கள். அதே பாட்டுகள், அதே குரல். பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் மட்டும் அடக்கிவிட்டார்கள். கன்ட்ரி வாடை ஐரோப்பியக் காதுக்கு ஒத்துவராது என்பது கம்பெனியின் கணக்கு.

2002 நவம்பரில் வந்த 'அப்!' என்ற தொகுப்பில் இந்தக் கணக்கை ஒளிக்காமலே செய்தார்கள். 19 பாட்டு, மூன்று தட்டு. சிவப்புத் தட்டு பாப். பச்சைத் தட்டு கன்ட்ரி. நீலத் தட்டு 'இன்டர்நேஷனல்'. வட அமெரிக்கக் கடைக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே உறையில் போயின. மற்ற தேசங்களுக்குச் சிவப்பும் நீலமும் போயின. நீலத்தில் என்ன இருந்தது? தபலா, நம்முடைய இந்திப் படப்பாட்டில் வருகிற மாதிரியான வயலின் கூட்டம். அதைச் செய்து கொடுத்தவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த சைமன், டயமண்ட் டக்கல் என்ற சகோதரர்கள். ஆக, அமெரிக்கக் கம்பெனி ஒன்று 'சர்வதேசம்' என்று கற்பனை செய்தபோது அதன் காதில் விழுந்தது இந்திய சினிமாவின் சாயல்! நமக்கு உள்ளூர்ச் சத்தம், அவர்களுக்கு அகிலத்தின் சத்தம்.

இது எப்படிச் சாத்தியம்? பதிவுக் கூடத்தில் பாட்டு ஒரே துணியாக நெய்யப்படுவதில்லை. குரல் ஒரு தடத்தில், தாளம் ஒரு தடத்தில், பிடில் இன்னொரு தடத்தில் என்று தனித்தனியாகக் கிடக்கும். கலக்குபவர் எந்தத் தடத்தையும் இறக்கலாம், ஏற்றலாம், தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைப் போடலாம். குரலும் மெட்டும் உடம்பு. மற்றதெல்லாம் சட்டை. சட்டையை மாற்றி மூன்று சந்தைக்கு அனுப்பினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சட்டை மாறியது, ஆள் மாறவில்லை. மூன்று தட்டிலும் ஷனையாதான் பாடுகிறார், மூன்று தட்டின் முகப்பிலும் அவர் பெயர்தான், மூன்று தட்டின் விற்பனையிலும் அவருக்குப் பங்கு உண்டு. நாட்டுப்புறம் கழற்றப்பட்டது, நாட்டுப்புறத்துக்காரி கழற்றப்படவில்லை.

3

'கன்ட்ரி' என்ற அந்தப் பச்சைத் தட்டையும் நாம் அப்பாவியாக எடுத்துக்கொள்ள முடியாது. அது ஒரு மண்ணின் வாசனை என்பதைவிடக் கடை அலமாரியின் பெயர் என்பதே சரி. 1920களில் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் ஒரே தெற்கு மாகாணங்களின் இசையை இரண்டாகப் பிரித்து விற்றன. வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி', கறுப்பர் பாடினால் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'. தெருவில் இரண்டு கூட்டமும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டுதான் வாசித்தார்கள். பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கருவி. ஆனால் அலமாரி இரண்டானது. 1949இல் பில்போர்டு பத்திரிகையின் பட்டியல்களில் ஒன்று 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்றும் மற்றது 'ரிதம் அண்ட் புளூஸ்' என்றும் நாகரிகப் பெயர் பெற்றன. பிரிவினை அப்படியே நின்றது. 70 வருசம் கழித்து, 2019இல், லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டைக் கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2024இல் பியான்ஸே 'கவ்பாய் கார்ட்டர்' போட்டு, மறு ஆண்டு கிராமி விருதில் சிறந்த கன்ட்ரி தொகுப்புக்கான பரிசை வாங்கியபோது, ஒரு கறுப்பினப் பெண் அந்த அலமாரியைத் திறந்ததாகப் பேசினார்கள். அலமாரிக்குள் இருந்த பாஞ்சோ யாருடையது என்று தெரிந்தவர்களுக்கு அதில் சிரிப்பும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது.

தெருவில் கலந்து கிடப்பதைக் கடையில் பிரித்து அடுக்குவது. இது நமக்குப் புதிதல்ல. 'நாட்டுப்புறத்தான்' என்பது நம் பேச்சில் வசவு. 'நாட்டுப்புறக் கலை' என்பது விழா மேடையில் பெருமை. ஒரே சொல்தான். ஆளைச் சொன்னால் இழிவு, ஆளைக் கழித்துவிட்டு ஒலியை மட்டும் சொன்னால் பண்பாடு. நா. வானமாமலை தொடங்கி நம் ஆய்வாளர்கள் பாட்டுக்குப் பின்னால் இருக்கிற உழைப்பையும் சாதியையும் பேச முயன்றார்கள். ஆனால் மேடையும் சினிமாவும் தொலைக்காட்சியும் எடுத்துக்கொண்டது கழித்துப் போட்ட அந்த இரண்டாவது அர்த்தத்தைத்தான்.

லண்டனிலும் இதே சமாச்சாரம் நடந்தது. 1987 ஜூனில் சின்னச் சின்ன இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் ஒரு மதுக்கடை மாடியில் கூடிப் பேசினார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று பல இடத்து இசையைக் கடையில் எங்கே வைப்பது என்பது பிரச்சினை. 'வேர்ல்ட் மியூசிக்' என்று ஒரு பெயர்ப்பலகை முடிவானது. அவர்கள் கெட்ட நோக்கத்தோடு செய்யவில்லை. தட்டு விற்க வேண்டும், அதற்கு ஓர் இடம் வேண்டும். ஆனால் அந்தப் பலகைக்கு அடியில் வந்ததெல்லாம் 'உலகம்', வராதது வெறும் 'மியூசிக்' என்றாகிவிட்டது.

4

இப்போது நம் ஆளிடம் வருவோம். எம்.ஐ.ஏ. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர்ச்சூழலில் வளர்ந்து, 1986இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் திரும்பியவர். முதல் தொகுப்பு 2005இல், தகப்பன் பெயரில், 'அருளர்'. இரண்டாவது 2007இல், தாயின் பெயரில், 'கலா'. அமெரிக்கா உள்ளே விடாமல் விசாவை இழுத்தடித்ததால் இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா, லைபீரியா என்று ஊர் ஊராகப் போய்ச் செய்த தொகுப்பு அது. சென்னையில் உறுமி, மேளச் சத்தங்களைப் பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டுத் துண்டு வருகிறது. 'பேம்பூ பாங்கா'வில் 'தளபதி'யின் இளையராஜா வருகிறார். 'ஜிம்மி' பாட்டு 1982இன் 'டிஸ்கோ டான்ஸர்' படப்பாட்டின் மறுபாடல்.

பிறகு இது கடல் கடந்தது. பிரிட்டனில் எக்ஸ்.எல்., அமெரிக்காவில் இன்டர்ஸ்கோப், ஜப்பானில் கூடுதல் பாட்டுகளோடு ஒரு பதிப்பு. ஷனையாவுக்கு நேர்ந்ததற்கு நேர் எதிரான விசயம் இங்கே நடக்கிறது. உறுமியை யாரும் அடக்கவில்லை. உறுமிதான் சரக்கு! அதைக் கழற்றினால் பாட்டில் விற்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அந்தத் தேய்ப்புச் சத்தம் எல்லாப் பதிப்பிலும் எல்லாத் தேசத்திலும் அப்படியே போனது. ஆனால் தேய்த்த கை யாருடையது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாதிரியெடுத்த படப்பாட்டுக்கு இசையமைப்பாளரின் பெயர் உண்டு, அவர் பெயரில் உரிமை உண்டு. உறுமி வாசித்தவர் 'சென்னை உறுமி' என்ற ஒரு நிறமாகிவிடுகிறார்.

அங்கே ஒலியைக் கழற்றினார்கள், ஆள் நின்றார். இங்கே ஒலி நின்றது, ஆளைக் கழற்றினார்கள். நான் சொல்ல வருவது இதைத்தான்.

எம்.ஐ.ஏ.வைக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அகதியாகப் போன ஒரு தமிழ்ப் பெண் தன் நிலத்தின் சத்தத்தை எடுத்து மேற்கின் முகத்தில் வீசியதன் அரசியல் சாதாரணமானதல்ல. ஈழத்தைப் பற்றி உலகம் வாயை மூடிக்கொண்டிருந்த வருசங்களில் அவர் பேசினார். ஆனால் ஒடுக்கப்பட்டவரின் குரலாக ஒருவர் பேசும்போதும், அவருக்கும் கீழே குரலற்ற ஒரு கை தேய்த்துக்கொண்டிருக்கலாம். விளிம்புக்கும் விளிம்பு உண்டு.

5

பெரியவர் சொன்ன 'யாருக்கு' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உறுமி இரண்டு முகம் உள்ள, இடை சிறுத்த கருவி. ஒரு முகத்தில் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். தோல் உறுமும், அதனால்தான் பெயர். சாமி வருகிற நேரத்தில் உறுமிக்காரரின் கண் உறுமியில் இருக்காது, சாமியாடியின் காலில் இருக்கும். கால் தயங்கினால் அடி தயங்கும். கால் துள்ளினால் அடி ஏறும். சாமி இறங்குகிற நேரம் பார்த்துத் தேய்ப்பு தணியும். எவ்வளவு நேரம் வாசிப்பது என்பது எழுதி வைத்ததில்லை. ஆடுகிற உடம்பும் அடிக்கிற உடம்பும் பேசி முடிவு செய்வது.

பதிவுக் கூடத்தில் இதிலிருந்து சில விநாடிகளை வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட விடுகிறார்கள். 'லூப்' என்பது அதுதான். ஆடுகிறவர் தயங்கினாலும் லூப் தயங்காது, அது யாரையும் பார்ப்பதில்லை. ஒலி அச்சு அசலாக இருக்கிறது, உறவு அறுந்துவிட்டது. 'அடி நம்ம அடிதான், யாருக்கு அடிக்கான்னுதான் தெரியல' என்று பெரியவர் சொன்னது குறை அல்ல, துல்லியமான இசை விமர்சனம். பண்டமாதல் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார்.

6

'பெயர் தெரியாத கலைஞன்தானே, பெயர் உள்ளவனுக்கு இப்படி நடக்காது' என்று ஒரு நண்பர் வாதாடினார். அதையும் பார்த்துவிட்டோம். 2021 மார்ச்சில் 'மாஜா' வழியாக வந்த 'என்ஜாய் எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணன் இசை, பாடியவர்கள் தீயும் அறிவும், எழுதியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை, நிலமற்றவர்களின் கதையை, ஒப்பாரியின் சாயலோடு பாட்டாக்கினார். கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். டி.ஜே. ஸ்னேக் என்ற பிரெஞ்சுக் கலைஞர் மறுகலவை செய்தார். சர்வதேசப் பதிப்பு ரெடி.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, அறிவுக்கென்று இணையத்தில் ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு மேடையேறியது. அறிவு அங்கே இல்லை. பாட்டுக்கு யார் எவ்வளவு தந்தார்கள் என்று அறிவு ஒரு கணக்குச் சொன்னார், சந்தோஷும் தீயும் வேறொரு கணக்குச் சொன்னார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

இந்தத் தகராறில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எழுதியவர், சொந்தக் குரலில் பாடியவர், காணொளியில் முகம் காட்டியவர் — அவரே அட்டையிலிருந்து நழுவிப்போக முடிகிறது. பாட்டின் பொருளே நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்களைப் பற்றியது. அந்தப் பாட்டின் படத்திலிருந்தே அவர் விடுபட்டார். அப்படியானால் லூப்புக்குள் போன உறுமிக்காரரின் கதி என்ன?

7

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957. நிகழ்த்துகிறவருக்கு உரிமை என்பது அதில் 1994 திருத்தத்தில்தான் வந்தது. யார் யார் நிகழ்த்துகிறவர் என்று சட்டம் பட்டியல் போடுகிறது: நடிகர், பாடகர், வாத்தியக்காரர், ஆடுகிறவர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை உண்டு. 2012 திருத்தம் இன்னும் இரண்டைச் சேர்த்தது. நிகழ்த்தியது வணிகத்துக்குப் பயன்பட்டால் உரிமைத்தொகையில் பங்கு. நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் சொல்லக் கோரும் உரிமை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அதே 2012 திருத்தத்தில் சினிமாவுக்கென்று ஒரு விலக்கும் சேர்ந்தது. படத்தில் ஒருவருடைய பங்கு போகிற போக்கிலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கேயும் போடப்படாது என்றால், அவர் நிகழ்த்துகிறவராகவே கருதப்பட மாட்டார். தன் நிகழ்த்துதலைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். இதன் தர்க்கத்தைப் பாருங்கள். உனக்கு ஏன் உரிமை இல்லை? உன் பெயர் போடுவது வழக்கமில்லை. ஏன் பெயர் போடவில்லை? அதுதான் வழக்கம். வழக்கமே சட்டமாகிவிட்டது. திருவிழாக் காட்சியில் வந்து கொட்டடித்துப் போகிற செட்டுக்காரர்கள் இந்த ஓட்டையில் எத்தனை சுலபமாக விழுவார்கள் என்று யோசியுங்கள்.

பாட்டுக்கும் இதே கதை. வழிவழியாக வந்த பாட்டுக்கு 'ஆசிரியர்' கிடையாது, ஆகவே உரிமையும் கிடையாது. ஆனால் அதைப் பதிவு செய்து வெளியிடுகிறவருக்கு ஒலிப்பதிவில் 60 ஆண்டு உரிமை உண்டு. பாடிய கிழவி காற்று. பதிவு செய்த மைக் சொத்து.

8

இத்தனையும் லண்டனையும் கம்பெனியையும் சட்டத்தையும் பார்த்துச் சொன்னது. மறுபடி கான்சாபுரம் வருவோம்.

பொங்கல் நோட்டீஸ் ஒன்று டீக்கடைச் சுவரில் இன்னும் ஒட்டியிருந்தது. தலைமை, முன்னிலை, சீரியல் செட் உபயம், அன்னதான உபயம், குடிதண்ணீர் உபயம், அச்சகத்தின் பெயர், ஒலிபெருக்கி நிலையத்தின் பெயர் — எல்லாம் உண்டு. மேளத்துக்கு நேரே ஓர் ஊர்ப்பெயரும் 'உறுமி மேளம்' என்ற இரண்டு சொல்லும்தான். சாமியையே இறக்கிவிட்ட கை யாருடையது என்று எங்கேயும் இல்லை. உறுமியும் பறையும் அடிப்பவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் வயதானவரைக்கூட 'ஏப்பா கொட்டுக்காரா' என்று கூப்பிடுகிற வாய்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. ஆளைக் கழற்றி ஒலியை வைத்துக்கொள்ளும் வேலையை எக்ஸ்.எல்.லும் இன்டர்ஸ்கோப்பும் கண்டுபிடிக்கவில்லை. நாம் முதலிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டோம், அவர்கள் பொட்டலம் கட்டினார்கள்.

2025இல் பக்கத்து ஊரான கூமாபட்டி ஒரு சின்ன ரீலில் பிரபலமானதைப் பார்த்தோம். மலையும் தண்ணீரும் தென்னையும் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் தேடியது ஒரு சாயலை. அங்கே கூலிக்கு நாற்று நடுகிறவர் அந்தச் சாயலுக்குள் இல்லை. நாட்டுப்புறம் என்றால் ஆளில்லாத அழகு என்று ஊரிலிருக்கிற நாமே நம்பத் தொடங்குகிறோம்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. நோட்டீஸில் மேளக்காரர்களின் பெயர் வரட்டும், ஒருவர் பெயரல்ல, செட்டில் உள்ள எல்லாருடைய பெயரும். பதிவுக்கு அழைத்துப் போகிறவர்கள் கூலியை மட்டும் பேசாமல், பெயர் எங்கே வரும், ஒலி எங்கே போகும், போனால் எவ்வளவு வரும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இதை முதலில் செய்ய வேண்டியவர்கள் பாட்டுச் சேகரிக்கப் போகிற நாம்தான். நம் அலமாரிகளில் கிடக்கும் கேசட்டுகளில் எத்தனையில் பாடியவர் பெயர் எழுதியிருக்கிறது?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பெயர் போடுவது கௌரவமாகவும் இருக்கலாம், சாதியைத் தொழிலோடு சேர்த்து ஆணியடிப்பதாகவும் முடியலாம். 'இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்த போராட்டங்கள் நம் மண்ணில் நடந்திருக்கின்றன. அவர்களிடம் போய் 'கலையைக் கைவிடாதீர்கள்' என்று உபதேசம் செய்ய நமக்கு யோக்கியதை இல்லை. வாசித்தால் பெயரும் பங்கும், வேண்டாமென்றால் கருவியைக் கீழே வைக்கும் சுதந்திரம் — இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அது உரிமை. ஷனையா ட்வைனுக்குப் பச்சைத் தட்டிலிருந்து சிவப்புத் தட்டுக்குப் போக முடிந்ததே, அந்த நடமாட்டம்தான் விசயம். நம் உறுமிக்காரருக்கு ஒரே தட்டுதான் விதித்திருக்கிறது.

பையன் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான். பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவனிடம் கேட்டார்: "அந்தப் பாட்டுல அடிச்சவன் பேரு என்னப்பா?" பையனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அரை மணி நேரமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவர் பெயரை நாங்கள் கேட்டிருக்கவில்லை.